வாசலிலிருந்து கட்டில் வரை: அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டடத்தை மதிப்பிடுவது எப்படி?

புதிய வைத்தியசாலைக் கட்டடம் ஒன்று திறந்துவைக்கப்பட்டால் அடுத்த நாள் செய்தியில் சில விபரங்கள் தவறாமல் இடம்பெறும். எத்தனை மாடி, எத்தனை கட்டில், எத்தனை மில்லியன் ரூபா, எந்த நாடு நிதி கொடுத்தது, யார் நாடா வெட்டினார். இடம்பெறாத விபரங்களும் உண்டு. நோயாளர் காவு வண்டி நிற்கும் இடத்திலிருந்து உயிர்காக்கும் கட்டிலுக்கு எத்தனை அடி? அந்த வழியில் ஸ்ரெச்சர் ஒரே தடவையில் திரும்புமா? மூச்சுத்திணறிக்கொண்டிருக்கும் நோயாளியைத் தாதி தன் மேசையில் இருந்தபடியே பார்க்க முடியுமா? மழை கொட்டும்போது நோயாளியை நனையாமல் இறக்கலாமா? மின்சாரம் நின்றால் எத்தனை விநாடி இருட்டு?

இந்தக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டு, அளந்து, பதிலை எழுதிவைப்பதுதான் கட்டட மதிப்பீடு. மருந்தையும் இயந்திரத்தையும் சோதித்துப் பார்ப்பதுபோலக் கட்டடத்தையும் சோதித்துப் பார்க்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் இது மிகவும் அவசியம். அங்கு நிமிடங்கள் கணக்கில் வருகின்றன. நிமிடங்களில் ஒரு பகுதியைக் கட்டடமே எடுத்துக்கொள்கிறது.

கட்டடம் இல்லாமலும் சிகிச்சை நடக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளான பின்னர், புதுமாத்தளனில் ஒரு பாடசாலையே வைத்தியசாலை ஆனது. மரங்களின் கீழும் தறப்பாள்களின் கீழும் காயப்பட்டவர்கள் கிடத்தப்பட்டார்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் வந்த கப்பல், பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் காயப்பட்டவர்கள், நோயாளர்கள், அவர்களின் உறவினர்கள் என 13,000 இற்கும் மேற்பட்டவர்களைக் கடல்வழியாக வெளியே கொண்டுசென்றது. காயப்பட்டவரை எங்கே இறக்குவது, யாரை முதலில் பார்ப்பது, தண்ணீர் எங்கிருந்து வரும், எந்த வழியால் வெளியே கொண்டுபோவது என்பன உயிர் பற்றிய கேள்விகள் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அதே கேள்விகள்தான் சமாதான காலத்தில் ஒரு கட்டடத்தை நோக்கியும் கேட்கப்பட வேண்டியவை.

அவசர சிகிச்சைப் பிரிவு எப்படி இயங்குகிறது?

எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலமாக இருந்த முறை இதுதான்: அவசரமாக வருபவர் முதலில் வெளிநோயாளர் பிரிவிலோ சிறிய அவசர சிகிச்சை அறையிலோ பார்க்கப்படுவார், அங்கிருந்து விடுதிக்கு அனுப்பப்படுவார், முழுமையான சிகிச்சை விடுதியில்தான் தொடங்கும். இப்போது இந்த முறை மாறிவருகிறது. வாசலிலேயே நோயாளியின் நிலையைச் சீர்ப்படுத்திவிட்டு, பின்னர் எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் வகையில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்படுகின்றன. வேலைமுறை மாறும்போது இடமும் மாற வேண்டும். பழைய அறையின் வாசலில் புதிய பெயர்ப்பலகையைப் பூட்டுவதால் அந்த மாற்றம் வந்துவிடாது.

இந்தப் பிரிவின் முக்கியமான பகுதிகள் இவை:

*வாசல்.* நோயாளர் காவு வண்டிக்கு ஒன்று, நடந்து வருபவர்களுக்கும் ஓட்டோவில் வருபவர்களுக்கும் ஒன்று என இரண்டு வழிகள் இருப்பது நல்லது. 1990 சுவசெரிய சேவை 2018 ஜூலையில் வடக்கிற்கு விரிவுபடுத்தப்பட்டது. அதற்கு முன்னர் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் ஓட்டோவும் அயலவரின் வாகனமும்தான். இன்றும் பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஆகவே இரண்டு வாசல்களிலும் ஸ்ரெச்சரும் அதைத் தள்ள ஆளும் இருக்க வேண்டும்.

*வகைப்படுத்தும் இடம்.* வந்த வரிசையில் பார்க்காமல், ஆபத்தின் அளவுப்படி பிரிக்கும் இடம் இது. உலகம் முழுவதும் இதற்கு நிறங்கள் பயன்படுகின்றன. சிவப்பு என்றால் உடனடியாக, மஞ்சள் என்றால் விரைவில், பச்சை என்றால் காத்திருக்கலாம். வசதி குறைந்த வைத்தியசாலைகளுக்காகத் தென்னாபிரிக்காவில் 2004 அளவில் உருவாக்கப்பட்ட முறை, நாடித்துடிப்பு, மூச்சு வேகம் போன்ற எளிய அளவீடுகளைக் கொண்டே தாதியர் ஒருவர் இதைச் செய்ய வழிவகுத்தது. இந்த இடம் வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு மூலையில் இருந்தால், வாங்கிலே சரிந்து கிடப்பவரை யாரும் காணமாட்டார்கள்.

*சிவப்புப் பகுதி.* மூச்சோ இதயமோ நின்றுபோகும் நிலையில் உள்ளவர்களுக்கான கட்டில்கள் இங்கே இருக்கும். கட்டிலின் நான்கு பக்கமும் ஆட்கள் நிற்க இடம் தேவை. தலைப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் சுவாசக் குழாய் போடுபவர் நிற்க முடியாது. ஒட்சிசனும் உறிஞ்சும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

*கழுவும் இடம்.* கிருமிநாசினி அருந்தியவர்கள், உடலில் அது பட்டவர்கள் எமது விவசாயப் பிரதேசங்களின் வைத்தியசாலைகளுக்கு வருவது புதிதல்ல. உடையைக் களைந்து உடலைக் கழுவ, தண்ணீர் வடிந்தோடும் மறைவான இடமொன்று வாசலுக்கு அருகிலேயே தேவை. அது இல்லாவிட்டால் நஞ்சு நோயாளியின் தோலிலேயே இருக்கும். பராமரிப்பவரின் கையிலும் படும்.

*அயலில் இருக்க வேண்டியவை.* எக்ஸ்ரே, ஸ்கான், இரத்தப் பரிசோதனை, சத்திரசிகிச்சைக் கூடம் ஆகியன. ஒரே தளத்தில் இல்லாவிட்டால், ஸ்ரெச்சரும் அதனோடு இரண்டு பேரும் கொள்ளும் லிப்ட் தேவை.

*உறவினருக்கான அறை.* ஒரு மரணச் செய்தியை நடைவழியில் நின்று சொல்வதும், கதவை மூடி, கதிரையில் இருத்திச் சொல்வதும் ஒன்றல்ல. இந்தச் சிறிய அறைதான் வரைபடங்களில் முதலில் வெட்டப்படுவது.

எப்படி அளப்பது?

முதல் சந்தர்ப்பம் கட்டடம் எழும்புவதற்கு முன் வருகிறது. வரைபடத்தைப் பார்த்து ஒரு தாதியால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. காகிதத்தில் ஆட்கள் நடமாடுவதில்லை. ஆகவே வெறும் நிலத்தில் அல்லது மண்டபம் ஒன்றில் உண்மையான அளவுக்குக் கோடு போட்டு, மட்டையால் சுவர்கள் நிறுத்தி, உண்மையான ஸ்ரெச்சரைத் தள்ளிப் பார்க்கிறார்கள். இதயம் நின்ற நோயாளி வந்ததாக நினைத்துக்கொண்டு ஊழியர்கள் வேலை செய்து காட்டுவார்கள். கதவு எங்கே இடிக்கிறது, யாருக்கு யார் குறுக்கே நிற்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சுண்ணாம்புக் கோட்டை அழித்து மாற்றிப்போடச் செலவில்லை. கொங்கிறீற் சுவரை மாற்றுவதற்குப் பல ஆண்டுகளும் பல கடிதங்களும் தேவை.

இரண்டாவது சந்தர்ப்பம் கட்டடம் திறந்து சில மாதங்கள் கழித்து வருகிறது. இதைப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்பீடு என்பார்கள். அதில் வழக்கமாகக் கையாளப்படும் வழிகள் இவை:

*ஒரு நோயாளியைப் பின்தொடர்தல்.* மணிக்கூட்டோடு வாசலில் நின்று, ஒருவர் உள்ளே வந்த நேரம், வகைப்படுத்திய நேரம், கட்டிலில் ஏற்றிய நேரம், வைத்தியர் பார்த்த நேரம், பிரிவை விட்டுச் சென்ற நேரம் ஆகியவற்றைக் குறிப்பது. நெஞ்சுநோவுடன் வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். ஈ.சி.ஜி. கருவி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பது அந்த 10 நிமிடங்களைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று.

*நடையை வரைதல்.* தரைவரைபடத்தில் ஒரு தாதியின் ஒவ்வொரு நடையையும் கோடாக வரைந்துகொண்டே போவது. சில மணி நேரத்தில் அது சிக்கிய நூற்பந்துபோல ஆகிவிடும். கோடுகள் தடிக்கும் இடம்தான் பிழையான இடம். மருந்து அறை 40 மீற்றர் தூரத்தில் இருக்கிறது, ஒரு கடமை நேரத்தில் 20 தடவை போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,600 மீற்றர் நடை அது. அந்த நேரமெல்லாம் கட்டிலருகே ஆள் இல்லை.

*பார்வையைக் குறித்தல்.* தாதியின் மேசையில் உட்கார்ந்து எந்தக் கட்டில்களில் உள்ளவர்களின் முகம் தெரிகிறது என்று எண்ணுவது. தூணுக்குப் பின்னால் உள்ள கட்டிலில் யாரைப் போடக்கூடாது என்பது அதில் தெரியும்.

*தடயங்களை வாசித்தல்.* சுவரில் ஒட்டப்பட்ட காகித அறிவித்தல்கள், கதவைத் திறந்துவைக்கக் கொடுத்த செங்கல், நடைவழியில் நிரந்தரமாகிவிட்ட கட்டில், மேசையால் மறிக்கப்பட்ட பாதை. ஒரு கட்டடம் எங்கே தவறியது, ஊழியர்கள் அதைத் தாங்களாகவே எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. ஒரே இடத்துக்கு வழிகாட்டும் மூன்று காகிதங்கள் ஒட்டப்பட்டிருந்தால், தினமும் அங்கே எத்தனை பேர் வழி தவறுகிறார்கள் என்று ஊகிக்கலாம்.

*கேட்டல்.* வைத்தியர்களிடமும் தாதியரிடமும் மட்டும் கேட்டால் போதாது. ஸ்ரெச்சர் தள்ளும் சிற்றூழியரும் தரை கழுவும் பணியாளரும் அந்தக் கட்டடத்தை வேறு எவரையும்விட அறிந்தவர்கள். காத்திருந்த உறவினரின் அனுபவமும் பதிவாக வேண்டும்.

பிரித்தானியாவில் ஓர் அறிவித்தல் பலகை

பிரித்தானியாவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஊழியர்கள் மீதான வன்சொல்லும் வன்முறையும் பெரும் பிரச்சினையாக இருந்தன. சுகாதாரத் திணைக்களத்தின் வேண்டுகோளின்படி அங்குள்ள வடிவமைப்புச் சபை 2011 இல் ஒரு திட்டத்தை முன்னெடுத்தது. ஆய்வாளர்கள் பிரிவுகளில் இருந்து கவனித்தபோது தெரியவந்தது இதுதான்: கோபத்தின் முக்கிய காரணங்களில் ஒன்று, நோயாளிக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது. தனக்குப் பின் வந்தவர் ஏன் முதலில் உள்ளே போனார், அடுத்து என்ன, இன்னும் எவ்வளவு நேரம் என்ற எதையும் யாரும் சொல்வதில்லை.

தீர்வு பெரிய கட்டட வேலையாக அமையவில்லை. நோயாளி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், "நீங்கள் இப்போது இருப்பது இந்தக் கட்டத்தில், இங்கே நடப்பது இது, அடுத்தது இது" என்று விளக்கும் பலகைகள் பொருத்தப்பட்டன. ஊழியர்கள் சம்பவங்களைப் பற்றிக் கூடிக் கதைப்பதற்கான ஏற்பாடும் செய்யப்பட்டது. இலண்டனிலும் சௌதாம்ப்ரனிலும் இரண்டு வைத்தியசாலைகளில் இது பரீட்சிக்கப்பட்டது. 2013 இல் வெளியான மதிப்பீட்டின்படி, மிரட்டும் உடல்மொழியும் ஆக்ரோஷமான நடத்தையும் 50 சதவீதம் குறைந்தன. நோயாளர்களில் 75 சதவீதமானோர் பலகைகள் தமது எரிச்சலைக் குறைத்தன என்றனர். செலவிட்ட ஒவ்வொரு பவுணுக்கும் 3 பவுண் நன்மை கிடைத்ததாகக் கணக்கிடப்பட்டது.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. இரவில் வைத்தியசாலை வாசலில் காவலாளியோடு வாக்குவாதப்படுபவரைக் குழப்பக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. அவரது தாய் உள்ளே போய் இரண்டு மணி நேரமாகியும் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை என்பது எவருடைய பதிவிலும் இருக்காது. அவர் வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு பலகையும், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தகவல் சொல்லும் ஓர் ஊழியரும் இருந்தால் அந்த வாக்குவாதத்தில் பாதி இல்லாமல் போகும்.

லிமாவின் பழைய யன்னல்கள்

இன்னொரு ஆய்வு பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் நடந்தது. காசநோய் போன்று காற்றில் பரவும் நோய்களை வைத்தியசாலை அறைகள் எந்தளவு தடுக்கின்றன என்று எட்டு வைத்தியசாலைகளில் 70 அறைகளில் அளந்தார்கள். முடிவு 2007 இல் வெளியானது. யன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்த அறைகளில், நடுத்தர அளவாக, மணித்தியாலத்துக்கு 28 தடவை காற்று முழுமையாக மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளுக்கு விதிக்கப்பட்ட அளவு 12 தடவைதான். 1950 இற்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட அறைகளே எல்லாவற்றிலும் சிறந்தவை. காசநோயாளர்களோடு 24 மணி நேரம் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று கணித முறையில் மதிப்பிட்டபோது, இயந்திரக் காற்றோட்ட அறையில் 39 சதவீதம், புதிய கட்டட அறையில் 33 சதவீதம், பழைய அறையில் 11 சதவீதம் என வந்தது.

எமது பழைய வைத்தியசாலைகளின் உயர்ந்த கூரை, எதிரெதிர் யன்னல்கள், நீண்ட விறாந்தை ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். அவற்றைப் பழமை என்று இடித்துவிட்டு, திறக்க முடியாத கண்ணாடி யன்னலும் ஏசியும் பூட்டிய அறைகளைக் கட்டும்போது ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: ஏசி பழுதானால், அல்லது மின்கட்டணம் கட்ட முடியாமல் நிறுத்தப்பட்டால், இந்த அறைக்குள் காற்று எப்படி வரும்? உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டி, சாதாரண விடுதியில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லீற்றரும், காற்றில் பரவும் தொற்று உள்ளவர்களுக்கான அறையில் 160 லீற்றரும் காற்று தேவை என்கிறது. இருமலுடன் வருபவரும் பச்சைக் குழந்தையும் ஒரே வாங்கில் காத்திருக்கும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. காற்று அங்கே வசதிக்கான விடயமாக இருக்க முடியாது.

ஒரே நேரத்தில் பலர் வரும்போது

சாதாரண நாளில் நன்றாக இயங்கும் பிரிவு அசாதாரண நாளில் என்ன செய்யும் என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர வைத்தியசாலைகளையும் விட்டுவைக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பின் பின் காயப்பட்டவர்கள் போதனா வைத்தியசாலைக்கு ஒருசேரக் கொண்டுவரப்பட்டார்கள். இவ்வாறான நாளில் மேலதிக ஸ்ரெச்சர்களை எங்கே வைப்பது, வாகனங்கள் ஒரு வழியால் வந்து மறு வழியால் போக முடியுமா, காத்திருப்போர் மண்டபச் சுவரில் ஒட்சிசன் குழாய் உண்டா, உறவினர் கூட்டம் எங்கே நிற்கும் என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

இதற்கென உலக சுகாதார நிறுவனம் வைத்தியசாலைப் பாதுகாப்புச் சுட்டெண் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறது. 2015 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் 151 விடயங்கள் உள்ளன. தூணும் கூரையும் தாங்குமா என்பது ஒரு பகுதி. மின்பிறப்பாக்கி, தண்ணீர்த் தாங்கி, ஒட்சிசன், உயர்ந்த அலுமாரிகள் என்பன இன்னொரு பகுதி. மூன்றாவது பகுதி, அனர்த்த வேளைக்கான ஆயத்தம். முடிவு ஏ, பி, சி என மூன்று தரங்களில் வரும். சி என்றால் நோயாளரையும் ஊழியரையும் பாதுகாக்க உடனடி நடவடிக்கை தேவை. மின்பிறப்பாக்கியை நிலத்தோடு அமைத்திருந்தால், வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவது அதுதான் என்பதுபோன்ற எளிய உண்மைகளை இந்தப் பட்டியல் வெளியே கொண்டுவருகிறது.

போரின் தழும்போடு வருபவர்கள்

எமது பிரதேசத்தில் ஒரு மதிப்பீடு இன்னும் சில விடயங்களைப் பார்க்க வேண்டும்.

செயற்கைக் காலுடன் நடப்பவர்களும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களும் எம்மிடையே பலர். அவர்களுக்கும் காய்ச்சல் வரும், நெஞ்சுநோ வரும். சாய்தளம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அதன் சரிவைக் கேட்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவான அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியே ஏற முடியாது. மலசலகூடக் கதவால் சக்கர நாற்காலி நுழையுமா, உள்ளே பிடித்தெழும்பக் கம்பி உண்டா, ஒற்றைக் கையால் திறக்கக்கூடிய தண்ணீர்க் குழாயா, பதிவு மேசை இருந்தபடி கதைக்கும் உயரத்தில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இது யாருடைய கருணையும் அல்ல. 1996 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பொதுக் கட்டடங்களில் அவை பின்பற்றப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது.

உடலில் எறிகணைத் துண்டுகளுடன் வாழ்பவர்களும் உள்ளனர். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் சில உலோகத் துண்டுகளை நகர்த்தக்கூடியது. கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் அது ஆபத்து. ஆகவே அதைப் பற்றி முன்கூட்டியே கேட்கவும், தேவையானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எந்த இடத்தில் கேட்கப்படுகிறது? "இந்தக் காயம் எப்படி வந்தது?" என்று பத்துப் பேர் காதில் விழ, பொலிஸ் உத்தியோகத்தர் அருகில் நிற்கக் கேட்டால், பலர் வாய் திறக்கமாட்டார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கும், தற்கொலைக்கு முயன்ற இளைஞருக்கும் இதே நிலைதான். திரைச்சீலை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. கதவு மூடக்கூடிய ஒரு சிறிய அறை சரியான மருத்துவத் தகவலைப் பெற்றுத்தரும் கருவி. பிரிவில் அப்படியோர் அறை உண்டா, அது களஞ்சியமாக மாறிவிட்டதா என்று பார்ப்பது மதிப்பீட்டாளரின் வேலை.

மொழியும் கட்டடத்தின் ஒரு பகுதியே. வழிகாட்டிப் பலகை தமிழில் இருக்கிறதா, எழுத்து தூரத்திலிருந்து தெரிகிறதா, இரவில் வெளிச்சம் விழுகிறதா, வாசிக்கத் தெரியாத முதியவருக்கு நிறக்கோடோ படமோ உண்டா? தெற்கில் உள்ள வைத்தியசாலைக்கு இடமாற்றப்படும் நோயாளியின் உறவினருக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பாகிறது.

எண்களைக் கவனமாக வாசிப்போம்

காத்திருக்கும் நேரம் குறைந்தால் அதற்குக் கட்டடம்தான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. அதே மாதத்தில் இரண்டு வைத்தியர்கள் புதிதாக வந்திருக்கலாம். மாரிமழையோடு டெங்கு வரும் மாதங்களையும் வைகாசி மாதத்தையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். விடுதிகளில் கட்டில் இல்லாவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவு எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும் நிரம்பி வழியும். ஆகவே முன்னும் பின்னும் ஒரே மாதங்களை ஒப்பிட வேண்டும். கடமையில் இருந்த ஊழியர் எண்ணிக்கையையும் வந்த நோயாளர் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும். ஊழியர் பற்றாக்குறைக்குக் கட்டடத்தைக் காரணம் காட்டுவதும், கட்டடத்தின் குறையை ஊழியரின் தலையில் போடுவதும் இரண்டுமே பிழை.

நாம் செய்யக்கூடியவை

இவற்றில் பலவற்றுக்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. வைத்தியசாலை நலன்புரிச் சங்கமோ அபிவிருத்திக் குழுவோ, பணிப்பாளரின் அனுமதியுடன், ஒரு நாளில் செய்யக்கூடியவை:

1. வெளிவாசலிலிருந்து சிவப்புப் பகுதிக் கட்டில் வரை அடிகளை எண்ணுங்கள். வழியில் உள்ள கதவுகளையும் திருப்பங்களையும் குறியுங்கள்.
2. சக்கர நாற்காலியில் ஒருவரை இருத்தி, பதிவு மேசை, எக்ஸ்ரே, மலசலகூடம் மூன்றுக்கும் உதவியின்றிப் போகச் சொல்லுங்கள். எங்கே நின்றுபோகிறார் என்று குறியுங்கள்.
3. முதல் தடவை வரும் ஒருவரிடம் இடத்தைச் சொல்லாமல், பலகைகளை மட்டும் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.
4. காத்திருக்கும் இடத்தில் இருந்து, வகைப்படுத்தும் தாதி தெரிகிறாரா என்று பாருங்கள். அவருக்கு நீங்கள் தெரிகிறீர்களா என்றும் கேளுங்கள்.
5. மின்பிறப்பாக்கியின் கடைசிச் சோதனை நாளையும், தண்ணீர்த் தாங்கி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.
6. இவற்றை இரவிலும் ஒருமுறை செய்யுங்கள்.

புதிய கட்டடம் திட்டமிடப்படும் இடங்களில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும், அது குறித்து ஊழியர்களிடம் கருத்துப் பெறப்பட்டதா என்பதையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கனவே திறக்கப்பட்ட கட்டடமானால், திறந்த பின் மதிப்பீடு செய்யப்பட்டதா, அதன் முடிவு என்ன என்று கேட்கலாம். மதிப்பீடு நடக்கவில்லை என்ற பதில் வந்தால், அதுவும் எழுத்தில் கிடைத்த ஒரு தகவல்தான்.

எமது வைத்தியசாலைகள் குண்டு விழுந்த இடங்களிலிருந்து மீண்டும் எழும்பியவை. அவற்றைக் கட்டியெழுப்பியவர்களுக்கு நன்றி சொல்வதோடு எமது பொறுப்பு முடிவதில்லை. அடுத்த திறப்பு விழாச் செய்தியில் மாடிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு எண் வரட்டும்: வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை அடி.